கோல் விழும்போது உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நேற்று சாயங்காலம் அடையாள அட்டையையும், படம் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பிப்பையும் திருப்பிக் கொடுத்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். சென்னையின் எஃப்சி கால்பந்து அணியோடு, ஆட்டங்களைப் படம் எடுக்க நான் செய்த இன்டர்ன்ஷிப் அத்தோடு முடிந்தது. நேரிலேயே நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். தொண்டை அடைத்துக்கொண்டது. "வரேண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்று உங்களில் மூன்று பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். அதனால் ஒருவர் பெயரும் போடவில்லை. யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் வியாசர்பாடிக்காரி. எங்கள் ஏரியாவில் கால்பந்து ஆடாத பையன் உள்ள வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தனபால் கணேஷ் இங்கே ஆடி வளர்ந்துதான் சென்னையின் அணிக்குப் போனார். 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் 3-2 என்று ஜெயித்து அணி இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வாங்கியபோது, எங்கள் தெருவில் டிவியை வாசலுக்கே தூக்கி வந்து வைத்துப் பார்த்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மைல்சன் ஆல்வெஸ் இரண்டாவது முறை தலையால் முட்டிக் கோல் போட்டபோது நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

அப்படிப்பட்டவளைக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கேமராவோடு உட்கார வைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

என் முதல் ஆட்டம். பெரியமேடு நேரு விளையாட்டரங்கம், ராத்திரி ஏழரை மணி. விளம்பரப் பலகைக்குப் பின்னால் சின்ன மடக்கு ஸ்டூல் போட்டு, அணியின் போட்டோகிராஃபர் அண்ணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நம் ஆள் வலது பக்கம் வெட்டி உள்ளே வந்து அடித்தார், வலை ஆடியது. நான் எழுந்து குதித்துவிட்டேன். அண்ணா அசையவே இல்லை. அவர் கேமரா மட்டும் படபடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் அடங்கியதும் திரும்பினார்.

"எடுத்தியா?"

"கோலுண்ணா!"

"அது தெரியும். எடுத்தியா?"

பார்த்தேன். கார்டில் அந்தக் கோலுக்கு இரண்டு படம்தான் இருந்தது. ஒன்று, பந்து காலில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால். இன்னொன்று, நான் குதித்தபோது விரல் பட்டுத் தானாக விழுந்தது: ஓடுதளமும் என் ஷூ நுனியும். போகஸ் மட்டும் அற்புதமாக இருந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் படத்தைத் தன் லேப்டாப்பிலும் ஏற்றி வைத்துக்கொண்டார்.

அண்ணா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. நீங்கள் பாடம் எடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார விட்டீர்கள். கோல் விழுந்த பிறகு மனசுக்குள் பத்து எண்ணும் வரை ஷட்டரிலிருந்து விரலை எடுக்காதே என்றீர்கள். பந்து வலைக்குள் போனதைத்தான் எல்லா டிவி கேமராவும் காட்டுகிறதே. அடித்தவர் எங்கே ஓடுகிறார், கோல்கீப்பர் தரையில் எப்படிக் கிடக்கிறார், மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து எப்படிச் சிதறி ஓடி வருகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் இருக்கிறது. நம் ஆட்கள் கோல் போட்டால் பெரும்பாலும் பி ஸ்டாண்ட் பக்கம்தான் ஓடுவார்கள், அங்கே நீலச் சட்டைக் கூட்டம் பாடிக்கொண்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த ஓட்டத்துக்கு எதிரே முகம் கிடைக்கிற மூலை எது என்று முன்கூட்டியே பார்த்து உட்கார வேண்டும் என்பதுதான் தெரியாது. நின்றுகொண்டு எடுத்தால் ஆட்டக்காரருக்குப் பின்னால் வெறும் புல் தெரியும், தாழ உட்கார்ந்து எடுத்தால் ஜனங்கள் தெரிவார்கள், ஆளும் உயரமாகத் தெரிவார் என்பதையும் ஸ்டூலில் உட்கார்ந்துதான் கற்றேன். முதுகு வலியும் அதோடு இலவசம்.

அப்புறம் அந்த எலுமிச்சம்பழம். மூன்றாவது ஆட்டத்தில் படமெல்லாம் இருட்டாக வருகிறதே என்று பயந்து ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை 1/400 நொடிக்கு இறக்கிவிட்டேன். வெளிச்சம் வந்தது. பந்து எலுமிச்சம்பழம் மாதிரி நீண்டு போனது, உதைத்த கால் புகை மாதிரி கரைந்துவிட்டது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் என் கேமராவை வாங்கி ஷட்டர் 1/1000, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 4000 என்று வைத்துக் கொடுத்தீர்கள். "புள்ளி புள்ளியா வந்தா வீட்டுல போய்க் குறைச்சுக்கலாம். கலங்கிப் போனது கலங்கிப் போனதுதான்." ராத்திரி விளக்கில் ஐஎஸ்ஓவை ஏற்றப் பயப்படுகிற எல்லோரிடமும் இதை இப்போது நானும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

முதல் ஆட்டத்தில் நான் எடுத்தது 2,300 படம். நீங்கள் எடுத்தது அதில் பாதிகூட இல்லை. அந்த 2,300இல் தேறியது பதினொன்று. அதையும் நீங்கள்தான் எண்ணினீர்கள்.

இரண்டாவது நன்றி கிட் ரூம் மாமாவுக்கு. சட்டை, ஷூ, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர் கணக்கு. இவரிடம் கற்றதை எந்த விஷுவல் கம்யூனிகேஷன் வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். யார் கடைசி ஆளாகத்தான் மைதானத்துக்குள் வருவார், யார் கோட்டைத் தாண்டும் முன் புல்லைத் தொட்டுக் கும்பிடுவார், யார் இடது மணிக்கட்டில் டேப் சுற்றி அதில் மகள் பெயரை எழுதுவார் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். எது நடக்கப் போகிறது என்று தெரிந்து காத்திருந்தால் படம் தானாக வந்து விழுகிறது. டேப்பில் பெயர் எழுதும் அந்தக் கையை மாமா சொல்லியிராவிட்டால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இந்த சீசனில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். கோல் இல்லை, பந்து இல்லை. ஒரு கை, ஒரு நீல மார்க்கர், பாதி எழுதிய ஒரு பெயர்.

லென்ஸ் வேர்த்த அன்றும் அவர்தான் காப்பாற்றினார். ஏசி அறையில் ஒரு மணி நேரம் வைத்திருந்த கேமராவை அப்படியே வெளியே எடுத்து வந்தேன். சென்னைக் காற்றின் ஈரம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பனி. இரண்டு அணியும் வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு வெள்ளைத் திரை தவிர ஒன்றும் தெரியவில்லை. துப்பட்டாவால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடுகிறது. "துடைக்காத பாப்பா, அதுவா போகும், சும்மா வை" என்றார் மாமா. பத்து நிமிஷம் கழித்துத்தான் போனது. பதினொரு பேர் சேர்ந்து நிற்கும் படம் அன்று என்னிடம் இல்லை. அதற்கப்புறம் ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே பையோடு வெளியே வைத்துவிடுவேன்.

சோஷியல் மீடியா அக்காவுக்கு ஒரு நன்றியும் ஒரு மன்னிப்பும். இடைவேளை என்றால் மற்றவர்களுக்குச் சமோசா, டீ. நமக்குப் பதினைந்து நிமிஷத்தில் கார்டை உருவி, லேப்டாப்பில் போட்டு, நான்கு படம் தேர்ந்தெடுத்து, படத்தில் சாய்ந்திருக்கும் கோல் கம்பத்தை நிமிர்த்தி, பெயர் எழுதி உங்களிடம் தள்ள வேண்டும். ஒரு நாள் மழை. லேப்டாப்புக்கு மேல் பிளாஸ்டிக் கவர் பிடித்துக்கொண்டே தட்டினேன். 17ஆம் எண் சட்டையில் கை மறைத்ததில் 7 மட்டும் தெரிந்தது, நான் 7ஆம் எண்காரர் பெயரைப் போட்டுவிட்டேன். நீங்கள் பார்த்துத் திருத்தியிராவிட்டால் அத்தனை ரசிகர்களும் சேர்ந்து என்னைத் திருத்தியிருப்பார்கள். வெளியே யாருக்கும் சொல்லாமல், "அணிப் பட்டியல் தாளை முதல் படமா எடுத்து வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னீர்கள். அன்றிலிருந்து என் கார்டில் முதல் படம் எப்போதும் அந்தத் தாள்தான்.

காயம் பார்க்கும் பிசியோ சாரிடம் நான் அதிகம் பேசியதில்லை. ஒரு ஆட்டக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன், வெளிச்சமும் நன்றாக இருந்தது. எடுத்தேன். சார் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். கேமரா தானாகக் கீழே இறங்கியது. பத்திரிகைக்கு வேலை செய்திருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நான் அந்தப் பையனின் அணிக்கு வேலை செய்தேன், அது வேறு கணக்கு. அந்தப் படங்களை அன்றே அழித்துவிட்டேன், சார்.

பெரம்பூர் ஸ்டூடியோ மாமா கிளப்பில் யாருக்கும் தெரியாதவர். என்னிடம் இருந்தது கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸ் மட்டும்தான். அது ராத்திரி ஆட்டத்துக்கு உதவாது. தன்னுடைய 70-200 எம்எம் ஜூம் லென்ஸை எடுத்துக் கொடுத்து, "வாடகை எல்லாம் வேணாம், கீழ மட்டும் போட்டுடாத" என்றார். தை மாதத்தில் ஆட்டத் தேதியும் முகூர்த்தத் தேதியும் ஒன்றாக வந்தன. லென்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் ஜூம் இல்லாத ஒரு 50 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு மணமேடைக்கும் பந்திக்கும் நடந்தே சமாளித்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. மாமா, சம்பளம் வரும் முதல் மாதம் உங்கள் கடைக்குத்தான் வருவேன்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி அக்காவையும் மறக்க மாட்டேன். படம் அனுப்பி முடிக்கப் பதினொரு மணி ஆகிவிடும். தம்பி பைக் எடுத்துக்கொண்டு வரும் வரை தன் பிளாஸ்டிக் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசிக்கொண்டிருப்பார். இதற்கு முன் வேறு ஓர் இடத்தில் வேலை கேட்டுப் போனபோது, பொண்ணுங்களுக்கு ராத்திரி வேலை சரிப்படாது என்று திருப்பி அனுப்பினார்கள். சரிப்பட வைக்க ஒரு நாற்காலி போதுமாக இருந்தது, அக்கா.

அம்மாவுக்கும் தம்பிக்கும் வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். இங்கே எழுதினால் தம்பி பெட்ரோல் காசு கேட்பான்.

கடைசி ஆட்டத்தில் எண்பதாவது நிமிஷத்துக்கு மேல் நம் ஆள் தலையால் முட்டிக் கோல் போட்டார். அரங்கமே எழுந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. அப்புறம் கேமராவை மடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கத்தினேன். அண்ணா ஓரக்கண்ணால் பார்த்ததை நானும் பார்த்தேன்.

வியாழக்கிழமை மதியம் கிட் ரூமுக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு படம் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். மாமா துண்டு மடித்துக்கொண்டே தூங்கிப்போன படமும் அதில் உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வியாசர்பாடிப் பாப்பா

பி.கு.: அண்ணா, அந்த ஷூ படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அழிக்க மாட்டீர்கள் என்று தெரியும். குறைந்தபட்சம் லேப்டாப் முகப்பிலிருந்தாவது எடுங்கள்.