டோக்கியோவில் குடியேறும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் ஏப்ரல் மாதம் டோக்கியோவில் பணியில் சேர இருக்கிறேன். மனைவியும் எட்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். வீடும் பள்ளியும் பார்ப்பதற்காக அண்மையில் பத்து நாள்கள் அந்நகரில் தங்கித் திரும்பினேன். புறப்படும் முன் தமிழ் நாளிதழ்களில் தேடிப் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் செர்ரிப் பூக்களையும் ஷிபுயா சந்திப்பையும் பற்றியே பேசின. குடும்பத்தோடு குடியேறப் போகிறவருக்கு அவை போதாது என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எடோகாவா வார்டிலுள்ள நிஷி-கசாய் பகுதியில் இந்தியர்கள் மிகுதி. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்கள், அலுவலகங்கள் நிறைந்த ஒட்டேமாச்சிக்கு டோசாய் மெட்ரோவில் வண்டி மாறாமல் போகலாம் என்பதால் அங்கு தங்கத் தொடங்கினார்கள். பகல் பதினொரு மணிக்கு நான் அமர்ந்து சென்ற அதே வண்டியில், மறுநாள் காலை எட்டு மணிக்குக் கையை உயர்த்தவும் இடமில்லை. அப்பாதையில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே காலை நேர நெரிசல், 2019-இல் வண்டியின் கொள்ளளவில் 199 சதவீதமாக இருந்தது. மகளை அந்த வண்டியில் ஏற்றுவதில்லை, பள்ளிக்கு நடந்தே போகும் தொலைவில்தான் வீடு பார்ப்பது என்று அன்றே முடிவு செய்தேன்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அரகாவா ஆற்றின் கரையோரத்தில் அமைந்த எடோகாவா வார்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம், கடல் ஓதம் உயரும் நேரத்தில் கடல்நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் வார்டு நிர்வாகமே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று தன் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. பெருவெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் வார்டை விட்டே முன்கூட்டி வெளியேறிவிட வேண்டும் என்பது அதன் பொருள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் கழுத்தளவு நீரில் பெற்றோரை மொட்டை மாடிக்கு ஏற்றியவன் நான். அன்று எங்களுக்கு எவரும் இப்படி ஒரு வரைபடத்தைக் காட்டியதில்லை. அந்த அட்டையைப் பார்த்த பிறகு, தரைத்தளத்தில் வாடகை குறைவாகக் கிடைத்த ஒரு வீட்டை மறுத்துவிட்டு ஆறாம் மாடியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கட்டடம் 1981 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய நிலநடுக்க விதிகளின்படி கட்டப்பட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வாடகையைப் பேசும் முன் இவ்விரண்டையும் கேட்டுவிடுவது நல்லது.

பண விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. சென்னையில் கொடுக்கும் அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்ப வரும் என்று நம்பலாம். அங்கோ முன்பணத்தோடு, வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுக்கும் ‘ரெய்கின்’ என்றொரு தொகையைப் பல இடங்களில் கேட்கிறார்கள். அது திரும்ப வராது. தரகுக் கட்டணம், வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனத்துக்கான கட்டணம், தீ விபத்துக் காப்பீடு எல்லாம் சேர்ந்தால், குடியேறும் முன்பே நான்கைந்து மாத வாடகை கையை விட்டுப் போய்விடுகிறது. வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் எங்களை மறுத்ததும் வருத்தம் தந்தது. அரசு சார்ந்த ‘யூஆர்’ குடியிருப்புகளில் ரெய்கினும் இல்லை, தரகும் இல்லை, உத்தரவாதம் அளிப்பவரும் தேவையில்லை; குறைந்தபட்ச வருமானம் இருப்பதைக் காட்டினால் போதும். இதை நான் அறிந்தது எட்டாம் நாளில்தான்.

குடியேறிய 14 நாள்களுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும், எந்தக் கிழமையில் எந்தக் குப்பையை வெளியே வைப்பது என்று தெருவுக்குத் தெரு அட்டவணை உண்டு என்பதும் அங்கு போய் விசாரித்தபோதே தெரிந்தன.

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவோருக்கு இத்தகைய நடைமுறைச் செய்திகளை, அந்தந்த நகரங்களில் வாழும் தமிழர்களைக் கொண்டே எழுதவைத்துத் தங்கள் நாளிதழ் வாரம் ஒருமுறை வெளியிட வேண்டும். ஊழியர்களைக் குடும்பத்தோடு அனுப்பும் நிறுவனங்களும், பணியில் சேரும் முன் ஒரு வாரமேனும் வீடு பார்த்து வர விடுப்பும் பயணச் செலவும் தர வேண்டும். நான் சென்றது சொந்தச் செலவில். அது எல்லாருக்கும் இயலாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்குத் தாம்பரம்.