ஜி.பி.எஸ். காப்புரிமையும் பட்டறைக்காரன் அறிவும்: கிண்டிக்கு ஒரு திறந்த மடல்

சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர்களுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

ஓசூரில் லாரிகளுக்கும் வேன்களுக்கும் ஜி.பி.எஸ். கருவி பொருத்துவது என் தொழில். இப்படியொரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் வந்தால், அந்தத் துறையில் தேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதா என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி பார்க்கிறீர்கள். அந்தத் தேர்ந்தவர் பட்டறையிலும் இருக்கிறார் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஜி.பி.எஸ். சிப், சிம், மின்சாரத்தைத் துண்டிக்கவும் இணைக்கவும் ஒரு ரிலே. இவற்றைச் சேர்த்தால் வண்டி நிற்கும் இடம் போனுக்கு வரும், எஞ்சினையும் தூரத்திலிருந்தே அணைக்கலாம். டீசல் குறைகிறது என்று முதலாளி புலம்பினால் டேங்கில் சென்சார் போடுவோம். இதற்கெல்லாம் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. வண்டிகளில் பொருத்தும் இடங்காட்டிக் கருவிகளுக்கான ஏ.ஐ.எஸ். 140 தர ஆவணத்திலேயே அவசர பட்டன், உள் பேட்டரி, சிக்னல் இல்லாதபோது தகவலைச் சேமித்து அப்புறம் அனுப்புவது எல்லாம் இருக்கின்றன. அதையே பிள்ளைகளின் புத்தகப் பைக்கும் மாட்டுக் கழுத்துக்கும் மாற்றி எழுதிவிட்டு 20 வருட உரிமை கேட்பது அதிகம். பாத்திரம் கடையும் கருவி பற்றிய வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம், வெறும் பட்டறை மேம்பாடு போதாது என்று சொல்லிவிட்டது.

அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பக்கம் பிடிபட்ட மக்னா யானைக்கு (தந்தமில்லாத ஆண் யானை) இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ காலர் மாட்டித்தான் டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அந்தக் காலரை யானையின் கழுத்திலிருந்து கழற்றி சார்ஜ் போட முடியுமா? ஒரு பேட்டரி பல மாதம் தாங்க வேண்டும். வண்டி நின்றால் தூங்கி, அசைந்தால் விழிக்கும் கருவிகள் எங்களிடமே உண்டு. சரி, அதை அப்படியே யானைக்கு மாட்டினால் ஆயிற்றே என்று தோன்றும். ஆனால் யானை நின்ற இடத்திலேயே காதை ஆட்டும், தும்பிக்கையை வீசும், தலையை அசைக்கும். கருவி தூங்கவே தூங்காது. நிற்கும் யானையின் அசைவையும் ஊரை நோக்கி நடக்கும் யானையின் அசைவையும் குறைந்த மின்சாரத்தில் பிரித்தறிய ஒருவர் வழி கண்டால், பாகங்கள் பழசு என்பதற்காக அதை ஒதுக்காதீர்கள். விடையைப் பார்த்தபின் நாங்களும் "அட, இவ்வளவுதானா" என்போம். விண்ணப்பித்த நாளுக்கு முன் அந்தச் சிக்கல் எத்தனை காலம் தீராமல் கிடந்தது என்பதைப் பாருங்கள்.

இன்னொன்று. காப்புரிமை ஆவணங்களில் மட்டும் தேடினால் எங்கள் அறிவு கண்ணில் படாது. அது பொருத்தும் கையேடுகளிலும் வயரிங் படங்களிலும் இருக்கிறது. காப்புரிமை தருவதற்கு முன் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 25(1) பிரிவு. 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் கட்டணம்! கடைக்காரன் எவன் பணம் கட்டி எதிர்ப்பான்? தேதியிட்ட பழைய கையேடுகளை நீங்களே எங்களைப் போன்ற கடைகளில் கேட்டு வாங்கலாம். கேட்டால் தருவோம்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு ஜி.பி.எஸ். பொருத்துநர்