வாசலுக்குக் கேமரா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். வாரக்கணக்கில் அழைப்பை எடுக்காமல், செய்திக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பிக்கொண்டிருந்த நீ, வீட்டுக்கு வெளியே கேமரா பொருத்த வேண்டும், இருட்டிலும் பனிக்காலத்திலும் தவறாமல் வேலை செய்ய வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை காலம் அந்த வீட்டில் தோன்றாத தேவை இப்போது ஏன் தோன்றியது என்று அப்பா கேட்டார். இயற்பியல் ஆசிரியையிடம் கேட்ட கேள்விக்கு இயற்பியலில் பதில் சொன்னால் போதும் என்று அவரை அடக்கிவிட்டேன். ஆகவே இது கேமராவைப் பற்றிய கடிதம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதை வாங்கினாலும் ஏணியில் தனியே ஏறாதே.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணைக் கடைசியாகப் பார். இரவுக்கு முக்கியம், ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவும் லென்ஸின் துவாரமும்தான். சிறிய சென்சாரில் 8 மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலும் சுருங்கி, அதன்மேல் விழும் ஒளியும் குறைந்துவிடும். பகலில் தெரியாத அந்தக் குறை இரவில் படம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1/2.8 அங்குலச் சென்சாரில் 8 மெகாபிக்சல் என்பதைவிட, 1/1.8 அங்குலச் சென்சாரில் 4 மெகாபிக்சல் என்பதே இருட்டுக்கு உகந்தது. கீழே உள்ள எண் சிறியதானால் சென்சார் பெரியது என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னக் கணக்கில் நீ மதிப்பெண் இழந்ததாக எனக்கு நினைவில்லை. லென்ஸின் துவாரத்தைக் குறிக்கும் எஃப் எண்ணும் அப்படித்தான், சிறியதானால் துவாரம் பெரியது; அது 1.6 அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும்.

இரவிலும் பகல்போல் பளிச்சென்று இருப்பதாகக் காட்டும் விளம்பரப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும்: அவற்றில் பெரும்பாலும் யாரும் நடப்பதில்லை, நிறுத்திவைத்த வண்டியும் வேலியும்தான் இருக்கும். வெளிச்சம் போதாதபோது கேமரா தன் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படத்தைப் பளிச்சென்று ஆக்குகிறது. நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவர், 1/12 நொடி திறந்திருக்கும் ஷட்டருக்கு முன்னால் ஏறத்தாழ 12 செ.மீ. நகர்ந்துவிடுவார், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இழுபட்ட கறைதான் மிஞ்சும். ஆகவே ஷட்டர் 1/60 நொடிக்கும் மெதுவாகிவிடாதபடி அமைத்துவிடு. அப்போது அதே நகர்வு 2 செ.மீ. அளவில் நின்றுவிடும். படம் சற்று இருண்டாலும் பரவாயில்லை. நமக்குத் தோட்டத்தின் அழகு வேண்டியதில்லை, முகம் வேண்டும்; அது உனக்குத் தெரியாத முகமாக இருந்தாலும் சரி, தெரிந்த முகமாக இருந்தாலும் சரி.

முழு இருட்டுக்கு அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை. 940 கண்ணுக்குத் தெரியாது; ஆனால் சென்சார் அதை அவ்வளவாக உணர்வதில்லை என்பதால் எட்டும் தூரம் குறைவு. 850 தூரம் எட்டும். ஆனால் இருட்டில் விளக்குகள் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். நீ 850 வாங்கு. கேமரா இருப்பது வருபவருக்குத் தெரிவதே நல்லது. ஒளிந்திருந்து பார்ப்பது நம் நோக்கமல்ல. வராமல் இருந்தால் அதுவே போதும். அகச்சிவப்பில் நிறம் கிடையாது என்பதையும் மறந்துவிடாதே. கறுப்புச் சாயம் தோய்த்த செயற்கை இழை ஆடை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பி வெளுத்த சாம்பலாகத் தெரியக்கூடும். இரவுப் படத்தில் தெரிந்த ஆடையின் நிறத்தை நம்பி எந்தப் புகாரும் எழுதிக் கொடுக்காதே. நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் ஆள் நடமாட்டத்தில் தானாக எரியும் வெள்ளை விளக்கு ஒன்றை வாசலில் வைத்துவிடு. ஆளைத் திடுக்கிட வைப்பதில் அதற்கு நிகரில்லை.

அந்த விளக்குகளால் வரும் தொல்லைகளும் உண்டு. கேமராவை ஒட்டிச் சுவரோ கூரை விளிம்போ இருந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பி, கேமரா அந்த வெளிச்சத்தையே அளவாகக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். குவிமாடம்போல் மூடிய வகையில், மூடியில் படியும் தூசியும் நீர்த்துளியும் இதையே செய்யும். மூடியில்லாத உருண்டை வகை மேல். வெதுவெதுப்பைத் தேடி வரும் சிலந்தி லென்ஸின் முன்னால் ஓர் இழை கட்டினால் போதும். இரவு முழுவதும் படத்தின் குறுக்கே வெள்ளைக் கயிறு ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். பனி பெய்யும்போது லென்ஸுக்கு அருகில் விழும் ஒவ்வொரு துகளும் வெண்கோடாகப் பாயும், எச்சரிக்கையும் ஓயாமல் வரும். எனவே அசைவைக் கண்டதும் அலறும் அமைப்பை விட்டுவிட்டு, மனித உருவத்தை இனம் காணும் வசதி உள்ளதாக வாங்கு. சன்னலுக்கு உள்ளே கேமராவை வைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. கண்ணாடி அகச்சிவப்பைத் திருப்பிவிடும், நீ உன் கேமராவின் விளக்குகளைத்தான் பார்ப்பாய்.

குளிரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பேட்டரியில் இயங்குவதை வாங்காதே. லித்தியம் அயனி பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்தால், அயனிகள் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைவதற்குப் பதிலாக அதன்மேல் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். அதனால் பல கேமராக்கள் அந்தக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திக்கொள்கின்றன. இருக்கும் சார்ஜும் குளிரில் வேகமாகத் தீரும். சூரியத் தகடு குளிரில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பகல் குறுகிய நாளில், தகட்டின்மேல் பனி மூடியிருக்கும்போது, அது எதை வைத்து வேலை செய்யும்? ஆக, நீண்ட இரவுகளில், உனக்கு அது மிகவும் தேவைப்படும் வாரங்களில்தான் அது கண்ணை மூடிக்கொள்ளும்.

மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் செல்லும் பி.ஓ.இ. வகைதான் என் தேர்வு. 100 மீட்டர் வரை கேபிள் போகலாம். வைஃபை தடுமாறினாலும் பதிவு நிற்காது. கேபிள் முழுச் செம்பாக, வெளிப்புறத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும், சாதாரணப் பி.வி.சி. உறை கடுங்குளிரில் விறைத்து வெடித்துவிடும். வீட்டுக்குள் இருந்து கேமராக்களுக்கு மின்சாரம் தந்து படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டருக்கும், ரூட்டருக்கும் ஒரு யூ.பி.எஸ். கொடுத்துவிடு. மின்சாரம் போய்க் கேமரா முற்றிலும் குளிர்ந்துவிட்டால், சில கேமராக்கள் மறுபடி உயிர் பெறுவதற்குத் திணறும். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் சொந்த வெப்பமே அதைக் காப்பாற்றும்.

ஐ.பி. 67 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குளிரைத் தாங்கும் என்று எண்ணிவிடாதே. அந்த இரண்டு இலக்கங்களும் தூசியையும் நீரையும் பற்றியவை. குளிரைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. இயங்கும் வெப்பநிலை என்று தனியே ஒரு வரி இருக்கும். அங்கே மைனஸ் 30 அல்லது மைனஸ் 40 என்று இருக்கிறதா என்று பார். குளிர்காலக் காலையில் படம் முழுவதும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பதறாதே. பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உள்ளே நகராமல் சிக்கிக்கொண்டிருக்கும். லென்ஸில் உறைபனி கட்டினால் சுரண்டவோ வெந்நீர் ஊற்றவோ கூடாது.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உயரமாக வைத்தால் யாரும் கை வைக்க முடியாது என்று மாடியில் கொண்டுபோய் வைப்பார்கள். குளிர்காலத்தில் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு வருவதால் பதிவில் தொப்பிகள்தான் கிடைக்கும். இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் போதும். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண முகம் இருக்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 4 மெகாபிக்சல் படத்தின் அகலம் 2560 பிக்சல். வகுத்தால் பத்து மீட்டர் அகலம். 2.8 மி.மீ. அகன்ற லென்ஸில் அந்த அகலம் ஏறத்தாழ நான்கு மீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடும். அதனால் ஒரே கேமராவால் எல்லாம் தெரியும் என்று நம்பாதே. முற்றத்துக்கு அகன்றது ஒன்று, வாசற்படிக்கு 4 அல்லது 6 மி.மீ. லென்ஸுடன் ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. பின்கதவை விட்டுவிடாதே. பழகியவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

கேபிள் சுவருக்குள் நுழையும் துளை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். நுழைவதற்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பசை நாடாவால் ஒட்டாதே, குளிரில் அது பிடிக்காது. கூரையில் சேர்ந்த பனி சரிந்து விழும் பாதையின் கீழே பொருத்தாதே. இவற்றையெல்லாம் நீயே செய்வாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வானொலியைப் பிரித்து, ஒரு திருகுகூட மிச்சமில்லாமல் மறுபடி பூட்டியவள் நீ. அந்தக் கையை நினைத்து எனக்குப் பெருமைதான். எதையும் பிறரிடம் கேட்காமல் தானே முடித்துக்கொள்ளும் அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் அவ்வளவு பெருமை இல்லை. மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டில் யாரையாவது அழை. உறைந்த தரையில் ஏணியின் கால் வழுக்கும். தனியே ஏறாதே.

பதிவைக் கேமராவுக்குள் இருக்கும் அட்டையில் மட்டும் வைத்தால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவரோடு சாட்சியும் போய்விடும். ஒரு கேமராவின் பதிவு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 43 ஜி.பி. வரை ஆகும், வீட்டுக்குள் பூட்டிய அலமாரியில் ரெக்கார்டர் இருக்கட்டும். கேமரா வந்ததும் அதன் கடவுச்சொல்லை மாற்று. 2016-இல் மிராய் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். ஆனால் என் கவலை முகம் தெரியாத கள்வர்களைப் பற்றியதல்ல. கேமராவின் செயலிக்குப் புதிய கணக்கைப் புதிய மின்னஞ்சலில் தொடங்கு. பிறந்தநாளும் திருமண நாளும் கடவுச்சொல்லில் வேண்டாம். ரூட்டரின் கடவுச்சொல்லையும் மாற்று. முன்பு அதில் இணைந்திருந்த கைபேசிகள் எவை என்று பார்த்து, உன்னுடையது அல்லாத எல்லாவற்றையும் நீக்கு. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடு. அதே நாளில் கதவுப் பூட்டையும் மாற்றிவிடு. ஏன் என்று நீ சொல்ல வேண்டியதில்லை, நானும் கேட்கப்போவதில்லை. பூட்டை மாற்று.

எல்லாம் முடிந்ததும் ஓர் இரவு விளக்குகளை அணைத்துவிட்டு, தலையை மூடிக்கொண்டு தெருவிலிருந்து வாசல் வரையும் பின்கதவு வரையும் நீயே நடந்து பார். முகம் தெரியவில்லை என்றால் கோணத்தை மாற்று. அந்தப் பதிவை எனக்கும் அனுப்பு. குறை சொல்வதற்கு ஆள் வேண்டுமல்லவா. பார்க்க மட்டும் அனுமதி தரும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கும். வீட்டுக்குள் எதுவும் தெரியாதபடி, வாசலுக்கும் பின்கதவுக்கும் மட்டும் எனக்கு அந்த அனுமதியைக் கொடு. உனக்கு நடு இரவு என்றால் எனக்கு விடிந்திருக்கும். நீ எச்சரிக்கை ஒலியை நிறுத்திவிட்டுத் தூங்கலாம், நான் பார்த்துக்கொள்கிறேன். தேவைப்பட்டால் மட்டும் அழைப்பேன். அப்போதாவது எடு.

அன்புடன்,
அம்மா