ஒப்பந்தத்தில் இன்னொரு பக்கம் வேண்டும்: கபடி அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்முறைக் கபடி அணிகளின் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

காவிரிக் கடைமடையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 23 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பக்கம் பொங்கல், கோயில் திருவிழா என்றால் மின்னொளி கபடி இல்லாமல் முடியாது. எட்டாம் வகுப்பில் தொடையைத் தட்டிக்கொண்டு பாடிப் போன பையன்களில் சிலர் விளையாட்டு விடுதி, கல்லூரி அணி என்று ஏறி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கிறார்கள். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோது டீக்கடை டிவி முன்னால் ஊரே நின்றது. மண்ணில் ஆடிய ஆட்டத்துக்கு மேட் விரிப்பும் விளக்கும் சம்பளமும் வந்தது எங்களுக்குச் சாதாரண விஷயமில்லை. அந்த நன்றி இருப்பதால்தான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

என் மாணவன் ஒருவன், இடது கார்னர்: இடது ஓரத்தில் நின்று, பாடி வருகிறவனைப் பிடிக்கிறவன். 19 வயதில் ஓர் அணி அவனை எடுத்தது. ஒப்பந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கு வந்தான். முழுக்க ஆங்கிலம். விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்கும் கொடிக்கம்புகளுக்கும் நடுவே உட்கார்ந்து, எங்கள் ஆங்கில டீச்சரையும் கூட்டி வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்து அவனுக்குச் சொன்னோம். முகாமுக்கு எப்போது வர வேண்டும், எடை எவ்வளவு தாண்டக் கூடாது, விளம்பரத்தில் அவன் முகத்தை எப்படிப் பயன்படுத்தலாம், எல்லாம் இருந்தது.

“சார், செமஸ்டர் வந்தா விடுவாங்களா?” என்று கேட்டான்.

அதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. அவன் வீட்டில் அக்கா கல்யாணக் கடன் இருந்தது. “படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்டா, கையெழுத்துப் போடு” என்று சொன்னவன் நான்தான். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

உங்கள் போட்டி நாட்களைப் பாருங்கள். 2022-ல் அக்டோபர் 7 முதல் டிசம்பர் 17 வரை. 2024-ல் அக்டோபர் 18 முதல் டிசம்பர் 29 வரை. அதற்கு முன்னால் முகாம் வேறு. எங்கள் கல்லூரிகளில் நவம்பரும் டிசம்பரும் செமஸ்டர் தேர்வு மாதங்கள். மூன்றாண்டுப் பட்டத்தில் முதல், மூன்றாம், ஐந்தாம் செமஸ்டர் மூன்றும் அங்கேதான் விழும். பாதிப் பட்டம் போனது என்று அர்த்தம். கல்லூரிக்கு அவன் கோப்பை வாங்கித் தருகிற பையன். வருகைப் பதிவில் ஓ.டி., அதாவது வெளிப்பணி என்று போட்டுவிட்டார்கள். நடத்தி முடித்த பாடத்தை அவனுக்கு மறுபடி சொல்லித்தர ஆளில்லை. இரண்டு சீசன் அணியோடு இருந்தான், சில ஆட்டங்களில் இறங்கினான். மூன்றாம் ஆண்டு யாரும் எடுக்கவில்லை. அப்போது அவன் கையில் 14 அரியர்.

முழங்கால் போனது உங்கள் மேட் விரிப்பில் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சீசன் இல்லாத மாதங்களில் வேறு வருமானம் கிடையாது என்று திருவிழாத் தொடர்களில் ஆடினான். ஒரு ராத்திரி பாடி வந்தவன் தொடையைப் பிடித்து ‘தை ஹோல்டு’ போட்டபோது மேலே இரண்டு பேர் விழுந்து தசைநார் அறுந்தது. இப்போது 24 வயது. ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறான். மாடிப்படி ஏறும்போது இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொள்கிறான். யாராவது பார்த்தால் சட்டென்று எடுத்துவிடுகிறான்.

உச்சியில் இருப்பவர்களுக்கே இந்த ஆட்டம் எவ்வளவு கறார் என்பது உங்களுக்குத் தெரியும். 2022-ல் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த நட்சத்திர ஆட்டக்காரர் பவன் செராவத்துக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசனே முடிந்தது. பாடிப் போய் எடுக்கும் ரெய்டு புள்ளி 1,801 எடுத்த பர்தீப் நர்வாலை 2025 ஏலத்தில் எந்த அணியும் கேட்கவில்லை; 28 வயதில் ஓய்வை அறிவித்தார். தர்மராஜ் சேரலாதன் மாதிரி 40 தாண்டியும் களத்தில் நின்றவர்கள் அபூர்வம். பவன் குணமாகி அடுத்த ஏலத்தில் முன்பைவிடப் பெரிய தொகைக்குப் போனார். அவருக்கு ரயில்வே வேலையும் இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்காரும் பையனுக்கு இரண்டும் இல்லை.

ஆட்டத்துக்குப் பிறகு இந்தப் பையன்கள் போகக்கூடிய வாசல்கள் தெரிந்தவைதான். தமிழ்நாடு போலீஸ் எஸ்.ஐ. தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் பட்டம் வேண்டும், வயது வரம்பும் உண்டு. என்னைப் போல உடற்கல்வி ஆசிரியராக வர பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படிக்க வேண்டும், அதற்கும் முதலில் ஒரு பட்டம் வேண்டும். என் பையனுக்கு என்னைவிட ஆட்டம் நன்றாகத் தெரியும். என் வேலைக்கு அவன் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

“இவனுங்களுக்குப் படிப்புல நாட்டமே இல்ல” என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். சிலருக்கு இல்லைதான். ஆனால் என் பையன் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருந்தான். பாடி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுக்கு எந்தக் காலை நீட்டுவார்கள், திரும்பும்போது எந்தத் தோளைச் சாய்ப்பார்கள், மூச்சு எத்தனையாவது நொடியில் தளரும் என்று வீடியோ பார்த்துப் பார்த்து எழுதியிருந்தான், அம்புக்குறி போட்டு, நாள் போட்டு. இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதத் தெரிந்தவனுக்குப் படிக்க வராது என்று நான் எப்படி ஒப்புக்கொள்வேன்?

நான் கேட்பது ஒப்பந்தத்தில் இன்னொரு பக்கம். படித்துக்கொண்டிருக்கும் பையனை எடுத்தால், தேர்வு நாளில் அவனை விடுவிப்பது அணியின் பொறுப்பு என்று அதில் எழுதுங்கள். ஆட்டமும் தேர்வும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கல்லூரியோடு பேசி முடியுங்கள். உங்கள் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு என் கடிதத்துக்கு இல்லை. அந்தப் பக்கம் அவன் தாய்மொழியிலும் இருக்கட்டும்.

முகாமில் காலைப் பயிற்சிக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவே பையன்கள் அறையில் படுத்து மொபைல் பார்க்கிற மணி நேரங்கள் உண்டு. உங்களிடம் உணவுக்கு ஒருவர், தசைக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். படிப்புக்கும் ஒருவரை வையுங்கள். அந்த மதிய வேளையில் ஒரு மணி நேரம் போதும். யாருக்கு எத்தனை தாள் பாக்கி, கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று கேட்கிற ஒரு மனிதர். கல்லூரியை விட்டு நின்றவனை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுங்கள். அங்கே டிசம்பரை விட்டால் ஜூனிலும் தேர்வு எழுதலாம். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை எடுத்துப் படிக்கலாம். கபடிக்காரனுக்கென்றே செய்த ஏற்பாடு போல இருக்கிறது.

சீசன் இல்லாத ஒன்பது மாதமும் அவன் உங்கள் கணக்கில் வருவதில்லை. அந்த மாதங்களில் நடுவர் பயிற்சிக்கு அனுப்பலாம், உங்கள் பெயரில் நடக்கும் சிறுவர் முகாம்களில் உதவிப் பயிற்சியாளராகச் சம்பளம் கொடுத்து நிறுத்தலாம். அப்படி ஒரு வருமானம் இருந்திருந்தால் என் பையன் அந்த ராத்திரி மண்ணில் இறங்கியிருக்க மாட்டான். அணியை விட்டுப் போனவனுக்கு இன்னும் ஓராண்டாவது மருத்துவக் காப்பீட்டை நீட்டுங்கள். ஏலத்தில் கோடிகளைப் பேசுகிற மேசைக்கு இது தாங்க முடியாத செலவில்லை.

அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து படிக்கிறான். 14-ல் 5 தாள் முடித்துவிட்டான். இந்த ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து இன்னும் இரண்டு பேர் கல்லூரி அணிக்குப் போயிருக்கிறார்கள், ஒருவன் நல்ல ரெய்டர். உங்கள் ஆட்கள் அவர்களைப் பார்க்க வருவார்கள். அவர்களும் ஒப்பந்தத் தாளோடு அந்தச் சாமான் அறைக்கு வருவார்கள். செமஸ்டருக்கு விடுவார்களா என்று கேட்டால், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்
நாகப்பட்டினம் மாவட்டம்