மருந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய நானோதுகள்களைக் கொண்டு வைரஸ் மருந்துகளை உருவாக்கிவரும் சிறு அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளைப் பற்றித் தங்கள் முதலீட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போனதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மனித உயிரணுவில் வைரஸ் பற்றிக்கொள்ளும் இடத்தைப் போலவே ஒரு துகளைச் செய்து உடலுக்குள் அனுப்பினால், வைரஸ் ஏமாந்து அதில் ஒட்டிச் செயலிழக்கும் என்ற கருத்து உண்மையிலேயே அழகானது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்தையும், 2020 இறுதியில் அவசர அனுமதி பெற்ற கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளையும் கட்டுரையாளர் சான்றாகக் காட்டியிருந்தார். ஆனால் அவற்றில் துகள் என்பது மருந்தைச் சுமந்துசெல்லும் வண்டி மட்டுமே. துகளே மருந்தாக வேலை செய்ய வேண்டும் என்பது வேறு கணக்கு. அப்படி முயன்ற ஆஸ்திரேலியாவின் ஸ்டார்பார்மா நிறுவனத்தின் டென்ட்ரைமர் (மரக்கிளைபோலக் கிளைத்த நுண்துகள்) ஜெல், எச்ஐவி தடுப்புக்கென்று தொடங்கி, கடைசியில் பெண்களுக்கு வரும் பாக்டீரியாத் தொற்றுக்கான மருந்தாகத் திசைமாறியது. அதற்கும் 2018இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி தராமல் கூடுதல் சான்று கேட்டது.

தயாரிப்புச் சிக்கலைக் கட்டுரை தொடவே இல்லை. சோதனைக்கூடத்தில் ஐந்து லிட்டர் செய்தபோது கண்ணாடியாகத் தெளிந்திருந்த ஒரு துகள் கரைசலைப் பெரிய கலனில் செய்து பார்த்தோம். மூன்றாம் வாரம் குப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் பால் ஆடைபோல ஒரு படலம். துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிட்டன, கிருமிநீக்கத்துக்கான 0.22 மைக்ரான் வடிகட்டியே அடைத்துக்கொண்டது. அந்த பேட்ச் முழுவதையும் அழித்தோம்.

2011 முதல் 2020 வரையிலான அமெரிக்கக் கணக்குப்படி, மனிதர்மீது முதல்கட்டச் சோதனைக்கு வந்த மருந்துகளில் நூற்றுக்கு எட்டுகூட அனுமதி பெறவில்லை. பெற்றவற்றுக்குச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் ஆயின. வைரஸ் மருந்துக்கோ இன்னொரு தொல்லையும் உண்டு: தொற்று அடங்கிவிட்டால் சோதனைக்கு நோயாளிகளே கிடைக்க மாட்டார்கள். அத்தனை ஆண்டுகளும் விற்பனை வருமானம் இல்லாத நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டுத்தான் பெரும்பாலும் செலவைச் சமாளிக்கிறது என்பதால், சோதனை வென்றாலும் பழைய பங்குதாரரின் பங்கு கரைந்துகொண்டே போகும்.

போன கிருத்திகையன்று சேடா நகர் முருகன் கோயில் வாசலில், பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் தங்கள் கட்டுரையைக் கைப்பேசியில் காட்டி, "எலியெல்லாம் பொழச்சிடுச்சாம் சார், இனிமே என்ன பயம்?" என்று கேட்டார். வருங்கால வைப்பு நிதியிலிருந்து மகளின் திருமணத்துக்கென்று ஒதுக்கிய தொகையில் பாதியை அந்தப் பங்குகளில் போடத் தயாராக இருந்தார். இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பேசிய பிறகும் அவர் முழுமனதோடு கைவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அச்சில் வந்த எழுத்தை நம் மக்கள் அவ்வளவு நம்புகிறார்கள்.

எனவே இனி இத்தகைய மருந்தைப் பற்றி எழுதும்போதெல்லாம், அது எலியில் இருக்கிறதா மனிதரிடம் வந்துவிட்டதா, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நிறுவனத்தின் கையிருப்பு எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்ற மூன்று விவரங்களையும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே தரும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு அலுவலர்,
செம்பூர், மும்பை.