கணினியை அணைக்காமல் விட்டவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டில் உட்கார்ந்து நான் போட்ட டிஜே மிக்ஸ்கள் (பல பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்த தொகுப்புகள்) எல்லாம், முதல் மிக்ஸ் உட்பட, டொரண்ட்டில், அதாவது வாங்குபவர்களே ஒருவருக்கொருவர் கோப்பைக் கொடுத்துக்கொள்ளும் முறையில், மறுபடி நூறு சதவீதம் இறங்குகின்றன. கொஞ்ச காலமாக அப்படி இல்லை என்பது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இதற்குக் காரணமானவர்களில் பாதிப் பேரை ஓர் ஐபி எண்ணாக (இணையத்தில் ஓர் இணைப்பின் முகவரி) மட்டும்தான் எனக்குத் தெரியும். மீதிப் பேர், பெயரெல்லாம் போடாதே என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இது பெயர்கள் இல்லாத நன்றி மடல். யாரைச் சொல்கிறேன் என்று உரியவர்களுக்குப் புரியும்.

முறைப்படி பார்த்தால் மிக்ஸ் செய்யக் கற்றுக்கொடுத்தவரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் சீட் செய்தவர்களிடமிருந்து, அதாவது தங்களிடம் உள்ள கோப்பைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தவர்களிடமிருந்து, ஆரம்பிக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேர மிக்ஸை 320 கேபிபிஎஸ் (நொடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் 144 எம்பி வரும். நான் ஆரம்பித்த காலத்தில் என் இணைப்பின் அப்லோடு வேகம் நொடிக்கு 256 கிலோபிட். முழு வேகத்தில் ஓடினாலும் ஒரே ஓர் ஆளுக்கு அனுப்ப ஒன்றேகால் மணி நேரம். நூறு பேருக்குத் தனித்தனியாக நானே அனுப்புவதென்றால் 125 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஐந்து நாளுக்கு மேல். டொரண்ட்டில் அந்தப் பாடு இல்லை. கோப்பு சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகும். ஒருவருக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்ததுமே அதை அவர் அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். கூட்டத்தில் எந்தத் துண்டு அரிதோ அதைத்தான் ஒவ்வொருவருடைய மென்பொருளும் முதலில் வாங்கப் பார்க்கும். ஒரு முழுப் பிரதியை நான் வெளியே தள்ளிவிட்டால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 1999-இல் வந்த நாப்ஸ்டரில் ஒரு பாட்டு ஒரே ஒருவருடைய கணினியிலிருந்துதான் வரும். அவர் எழுந்து போய்விட்டால் நம் கதை அவ்வளவுதான். 2001-இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரண்ட் அந்தத் தலைவலியைத் தீர்த்தது. இதை அவர் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் அவருக்கும் ஒரு நன்றி.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இறங்கிக்கொண்டிருக்கும்வரை, கொடுப்பவருக்கே கொடுப்பேன் என்ற கணக்கு ஓடும். உங்களுக்கு வேகமாகத் துண்டு தருகிறவருக்கு உங்கள் கணினியும் முன்னுரிமை தரும். நூறு சதவீதம் ஆனதும் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று ரேஷியோ பார்க்கும் தனி டிராக்கர்கள் (ஒரு கோப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்கள்) இருக்கின்றன. நாங்கள் இருந்தது எல்லோருக்கும் திறந்த டிராக்கரில். அங்கே முழுதாக இறங்கிய பிறகும் ஒருவர் இருந்தால் அவருக்கு அதில் எள்ளளவும் லாபம் இல்லை. கரன்ட் அவருடையது, இணைப்பு அவருடையது, மிக்ஸ் மட்டும் என்னுடையது.

அப்படி ஒருவர் என் பல மிக்ஸ்களின் ஆட்கள் பட்டியலில் எப்போதும் இருப்பார். வேகம் நொடிக்கு 3 கேபி (கிலோபைட்), நல்ல நாளில் 5. வேகமான இணைப்பு உள்ளவர்கள் வருவார்கள், வாங்குவார்கள், ஒரு மணி நேரத்தில் காணாமல் போவார்கள். இவர் போகமாட்டார். என் கணினி அணைந்திருந்த இரவுகளில் புதிதாக வந்தவர்களுக்கு அந்த 3 கேபிதான் கதி. காலையில் வந்து பார்த்தால் யாரோ ஒருவர் முழுதாக முடித்திருப்பார். ஐயா, அல்லது அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, இந்த மடலின் பெரும்பங்கு உங்களுக்குத்தான்.

இப்போது முதல் மிக்ஸின் கதை. மூலப் பதிவு இருந்த ஹார்டு டிஸ்க் ஒருநாள் உயிரை விட்டது. எழுதி வைத்திருந்த சிடியையும் எந்த டிரைவும் படிக்கவில்லை. டொரண்ட்டில் ஆறேழு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் 98.5 சதவீதம். மொத்தம் 550 துண்டுகள், அதில் நடுவே 8 துண்டுகள் யாரிடமும் இல்லை. எல்லோரிடமும் இருந்தது ஒன்றே, இல்லாததும் ஒன்றே. அப்படியானால் எத்தனை நாள் காத்திருந்தாலும் நகராது.

அப்போதுதான் ஒரு நண்பர், தன்னிடம் கோப்பு இருக்கிறது, ஆனால் டேகை (கோப்புக்குள் இருக்கும் தலைப்பு, ஆண்டு போன்ற குறிப்புகள்) எல்லாம் தன் வசதிக்கு மாற்றிவிட்டேன் என்று எழுதினார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் உரிய ஹாஷ் எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை மாதிரி) டொரண்ட் கோப்பிலேயே எழுதியிருக்கும். ஒரு பிட் மாறினாலும் அந்தத் துண்டு தள்ளுபடி. அவரோ தலைப்பை மாற்றி, ஆண்டைச் சேர்த்து, வகை என்ற இடத்தில் 'நடைப்பயிற்சி' என்று வேறு போட்டிருந்தார். சரி, போகட்டும், பார்ப்போம் என்று மறுசோதனை ஓடவிட்டார். 549 துண்டுகள் தேறின. முதல் துண்டு மட்டும் தோல்வி.

காரணம் எளிது. எம்பி3 கோப்பின் தலையில்தான் ஐடி3 டேக் இருக்கும். அதில் பின்னால் எழுதிக்கொள்ளக் கொஞ்சம் காலி இடம் விட்டு வைப்பது வழக்கம். அவருடைய மென்பொருள் அந்தக் காலி இடத்துக்குள்ளேயே எழுதி முடித்திருக்கிறது. ஒலி இருக்கும் பகுதி ஒரு பைட்கூட நகரவில்லை. நகர்ந்திருந்தால் 550-உம் போயிருக்கும். அவருக்கு இல்லாத முதல் துண்டு எங்கள் எல்லோரிடமும் இருந்தது. எங்களுக்கு இல்லாத எட்டும் அவரிடம் இருந்தன. அவர் ஒன்றை வாங்கினார், நாங்கள் எட்டை வாங்கினோம். பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வரிசையாக நூறு சதவீதம் ஆனதைப் பார்த்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தியது உண்மை. (அந்த 'நடைப்பயிற்சி' டேக் மறைந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.)

ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் வாசல்) திறக்கச் சொல்லிக்கொடுத்த தோழிக்கு அடுத்த நன்றி. என்னதான் சீட் செய்தாலும் பட்டியலில் ஒன்றிரண்டு பேர் தவிர யாரும் வந்து சேரவில்லையே என்று நான் புலம்பியபோது, வாசலைப் பூட்டிக்கொண்டு விருந்தாளி வரவில்லை என்றால் எப்படி என்று கேட்டார். இரண்டு பக்கமும் போர்ட் மூடியிருந்தால் இருவரும் பேசிக்கொள்ளவே வழியில்லை, ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். தொலைபேசியிலேயே ஒவ்வொரு கட்டமாக எதை அழுத்த வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொன்னார். பழைய டிராக்கர் மூடப்பட்டபோது மேக்னட் இணைப்புகளுக்கு (டொரண்ட் கோப்புக்குப் பதிலாகத் தரும் ஒரு வரி இணைப்பு) என்னை மாற்றியவரும் அவரே. 40 எழுத்தில் ஒரு ஹாஷ், அது இருந்தால் டிராக்கர் இல்லாமலே டிஹெச்டி (யாரிடம் எது இருக்கிறது என்பதைப் பயனர்களின் கணினிகளே பகிர்ந்து வைத்திருக்கும் வலை) வழியாக ஆட்களைத் தேடிப் பிடிக்கலாம். என் மிக்ஸ்கள் அந்த டிராக்கரோடு சேர்ந்து சாகாமல் இருந்தது அதனால்தான்.

இனி மிக்ஸ் செய்யக் கற்றுக்கொடுத்தவர். இரண்டு டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழலும் கருவி), ஒரு சின்ன மிக்சர், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்போன். முதல் வேலையாக, பீட் எண்ணிக்கை காட்டும் சின்னத் திரையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினார். நிமிடத்துக்கு 122 பீட்டில் ஓடும் பாட்டை 126-க்குக் கொண்டுவர, வேகத்தை மாற்றும் பிட்ச் கம்பியை ஏறத்தாழ 3.3 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் காது தூங்கிவிடும் என்பார். கேள், எது முந்துகிறது, எது பிந்துகிறது, விரலால் தட்டின் ஓரத்தை மெல்லத் தடவு. அப்புறம், இரண்டு பாட்டின் பேஸும் (தாழ்ந்த, கனமான ஒலி) ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடாது, உள்ளே வருவதன் பேஸை முழுக்க இறக்கி வைத்து, பல்லவி திரும்பும் இடத்தில் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்று. பதிவு செய்யும்போது, சத்தம் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியவே கூடாது, சத்தம் குறைவென்றால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உச்சி வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். என் மிக்ஸ்கள் மற்றவர்களுடையதைவிடச் சத்தம் குறைவாக இருப்பதாகச் சொல்பவர்கள் அவரிடம் பேசிக்கொள்ளவும்.

மிக்ஸ் என்னுடையது என்று மேலே சொன்னேன். அதில் இருக்கும் பாட்டு ஒன்றும் என்னுடையது இல்லை. வீட்டில் செய்தது, காசு வாங்கவில்லை என்பதாலேயே பிறர் இசையைப் பரப்ப உரிமை வந்துவிடாது. அதனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்தப் படைத்தவரே தரும் அனுமதி) வெளியான இசையிலிருந்துதான் பெரும்பாலும் எடுப்பேன். அதிலும் 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால் எழுதிக் கேட்பேன். வேகத்தை ஏற்றி, பாதியில் வெட்டி, இன்னொன்றின் மேல் ஏற்றுகிற வேலையை மாற்றம் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? பதில் எழுதிய இசைக்கலைஞர்கள் எல்லோருக்கும் நன்றி. கேட்காமலே தரமான வேவ் கோப்பை (சுருக்காத ஒலிக்கோப்பு) அனுப்பிவைத்தவர்கள் உண்டு. ஒருவர் வேண்டாம் என்றார். தன் பாட்டு முடிந்தபின் வரும் அமைதியையும் சேர்த்துத்தான் செய்திருக்கிறேன், அதன் மேல் வேறு பாட்டு ஏறுவது பிடிக்கவில்லை என்று இரண்டு வரியில் பதில். அதைப் படித்த பிறகு அந்தப் பாட்டை நான் தனியாகத்தான் கேட்கிறேன். அவருக்கும் நன்றி.

எல்லா மிக்ஸுக்கும் கியூ கோப்பு எழுதித் தந்தவரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று நிமிடம், விநாடி, அதற்கும் கீழே ஒரு விநாடியை 75 ஆகப் பிரித்த ஃபிரேம் வரை எழுத வேண்டும். சிடி காலத்துக் கணக்கு அது. இரண்டு பாட்டு ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகவே ஓடும் இடத்தில் புதிய பாட்டு எங்கே தொடங்குகிறது? முதல் ஒலி கேட்கும் இடம் என்பேன் நான். பேஸ் கைமாறும் இடம் என்பார் அவர். அவர் சொன்னபடியே இருக்கிறது, கேட்பவர்களுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

நான்காவது மிக்ஸில் முதல் பத்து நிமிடம் போரடிக்கிறது என்று எழுதிய நண்பருக்கும் நன்றி. நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதை எழுதிய பிறகும் நீங்கள் அதே மிக்ஸை மாதக்கணக்கில் சீட் செய்துகொண்டிருந்தீர்களே, அது போதும்.

வீட்டில் என் தங்கை. அப்லோடு முழு வேகத்தில் ஓடினால் வந்து சேர்ந்ததற்கான ஒப்புதல்கூட வெளியே போக வழியில்லாமல் டவுன்லோடும் படுத்துவிடும். "அண்ணா, உன் பாட்டு ஊருலகத்துக்கெல்லாம் போனது போதும், எனக்கு ஒரு மெயிலாவது திறக்கட்டும்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள். அப்லோடை எண்பது சதவீதத்தில் நிறுத்தி வைப்பதென்று உடன்படிக்கை ஆனது. அவள் தேர்வுக் காலத்தில் நாற்பது. அப்படி நான் குறைத்த நாட்களில் ஈடுகட்டியவர்களும் நீங்கள்தான்.

புதிய மிக்ஸ் இந்த வாரம் போட்டிருக்கிறேன். ஃபிளாக்கும் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) எம்பி3-உம் தனித்தனி டொரண்ட், இரண்டிலும் கியூ கோப்பும் பாட்டுப் பட்டியலும் உள்ளே. டேகை மாற்றிக்கொள்ள ஆசைப்படுபவர்கள் தயவுசெய்து ஒரு நகல் எடுத்து அதில் மாற்றுங்கள். 'நடைப்பயிற்சி' நண்பரே, உங்களுக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் மிக்ஸ்காரன்