ரெஸ்ட் கேட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்ட மகளுக்கு

அயனாவரம், சென்னை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நலம். வாராந்திர ஓய்வு கேட்டு, ரயில் ஓட்டுநர்கள் டூட்டிக்குப் பதிவு செய்யும் உங்கள் லாபியில் கையெழுத்து வாங்குகிறார்கள், தகுதிகாண் பருவம் முடியாத உதவி லோகோ பைலட்டான (உதவி ரயில் ஓட்டுநரான) நான் போடலாமா என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்போது பேச்சை மாற்றிவிட்டேன். போடு என்பதே என் பதில். ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டூட்டி முடிந்து தலைமையிடமான சொந்த டெப்போவுக்குத் திரும்பியதும் 16 மணி நேர ஓய்வு, வாரத்துக்கு ஒருமுறை 30 மணி நேர ஓய்வு என்று இரண்டு ஓய்வுகள் விதியில் இருக்கின்றன. 30-க்குள் 16-ம் அடக்கம் என்பது நிர்வாகத்தின் கணக்கு. இரண்டையும் கூட்டி 46 மணி நேரம் என்பது லோகோ பைலட்டுகளின் கணக்கு. 2024 ஜூன் 1 முதல் நம் தெற்கு ரயில்வேயில் பலர் அந்த 46 மணி நேரத்தைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்காக சார்ஜ் ஷீட்டும் சஸ்பென்ஷனும் இடமாற்றமும் வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில் 36 மணி நேரம் சாப்பிடாமலே வண்டி ஓட்டிப் போராடியதும் இதே போன்ற கோரிக்கைகளுக்காகத்தான்.

அவர்கள் சோம்பேறிகள் அல்ல என்பதை நீ இரண்டு மாதத்திலேயே கண்டிருப்பாய். தொடர்ந்து இரண்டு இரவு கூட்ஸ் ஓட்டிவிட்டு மூன்றாம் இரவும் ஏறினால் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கூடூர் பக்கம் போகும் வண்டியில் உதவியாளர் சிக்னலைப் பார்த்துப் பச்சை என்று உரக்கச் சொல்வார், நானும் பச்சை என்று திருப்பிச் சொல்வேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிடும், கண்தான் ஒரு நொடி பிந்தி வந்து சேரும்.

நிர்வாகம் ஏன் இந்த ஓய்வைக் கொடுக்க மறுக்கிறது என்றால், கொடுப்பதற்கு ஆள் இல்லை. உன்னை வேலைக்கு எடுத்த அறிவிப்பையே எடுத்துக்கொள். 2024 ஜனவரியில் வந்தபோது அதில் உதவி லோகோ பைலட் இடங்கள் 5,696. ஜூன் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு ரயில் மோதிய பிறகு அதே அறிவிப்பு 18,799 ஆனது. கூடுதலான பதின்மூன்றாயிரம் காலியிடங்களும் விபத்துக்கு மறுநாள் காலையில் முளைத்தவையா? அந்த ஆட்களின் வேலையையும் இருக்கிறவர்கள்தான் தூக்கத்தைக் கொடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

தாத்தா பெரம்பூர் ஒர்க்ஷாப்பிலிருந்து 1974 மே மாத வேலைநிறுத்தத்துக்குப் போனவர் என்பது உனக்குத் தெரியும். போனஸ், பஞ்சப்படி, ஓட்டுநர்களுக்கு எட்டு மணி நேர வேலை ஆகியவை முக்கியமான கோரிக்கைகள். இருபது நாளில் போராட்டத்தை முறித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், பலருக்கு வேலையே போனது. ஆனாலும் போனஸ் 1979-இல் வந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை மட்டும் இன்னும் வரவில்லை. சம்பளத்துக்கு அரியர் உண்டு, தூக்கத்துக்கு அரியர் கிடையாது என்று அவர் அடிக்கடி சொல்வார். அதற்காகப் பணக் கோரிக்கையை நான் சிறிதாக நினைக்கவில்லை. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ஆன பிறகும் போனஸை 7,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டு, 78 நாளுக்கு 17,951 ரூபாய் கொடுப்பது அநியாயம்தான். இரண்டில் எதை முதலில் கேட்பாய் என்றால், ஆள் எடுக்கச் சொல்லிக் கேள் என்பேன்.

எந்தச் சங்கத்தில் சேர்வது என்ற கேள்விக்கு வருகிறேன். பேச்சுவார்த்தை மேஜையில் உட்காரும் உரிமை, ரகசிய வாக்கெடுப்பில் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்குத்தான். கடைசியாக 2024 டிசம்பரில் அந்தத் தேர்தல் நடந்தது. லோகோ பைலட்டுகளின் தனிச் சங்கத்துக்கு அந்த அங்கீகாரம் இல்லை, ஆனால் நம் பிரச்சினையை விடாமல் பேசுவது அதுதான். பெரிய சங்கத்தில் எல்லாப் பிரிவினரும் இருப்பதால் ஓட்டுநர்களின் குரல் அமுங்கிப்போகிறது என்ற குறை என் காலத்திலும் இருந்தது, அது பொய்யும் இல்லை. ஆகவே தனிச் சங்கத்துக்குச் சந்தா கட்டு, அங்கீகாரத் தேர்தலிலும் தவறாமல் வாக்களி. நோட்டீஸ் போர்டில் ஒருவரை ஒருவர் திட்டி ஒட்டுவதைப் படித்து நேரத்தை வீணாக்காதே. கோரிக்கைப் பட்டியலில் காலியிடம் எத்தனையாவது வரியில் இருக்கிறது, என்ஜினில் கழிப்பறை வேண்டும் என்பது இருக்கிறதா என்று மட்டும் பார். நீ தண்ணீரே குடிக்காமல் டூட்டிக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். அதை உன் தனிக் கஷ்டமாக வைத்துக்கொள்ளாமல், உன்னோடு இருக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடு.

தனியாக டூட்டிக்கு வராமல் நின்றுவிடாதே. வேலைநிறுத்தம் என்றால் முறையாக நோட்டீஸ் கொடுத்துச் சங்கம் அறிவிக்க வேண்டும். சைன் ஆன், சைன் ஆஃப் (டூட்டி தொடங்கும், முடியும்) நேரங்களை லாபி கணினியை மட்டும் நம்பி விடாமல் உன் நோட்டிலும் அன்றன்றைக்கே எழுதி வை. விசாரணை என்று கூப்பிட்டால் அந்த நோட்டைக் காட்டுவதற்கு முன் நகல் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
அப்பா